வளர்ப்புப் பராமரிப்பில் வந்த பிள்ளையோடு தீபாவளி, பொங்கல்: எதை எப்போது செய்வது, முழுமையான வழிகாட்டி

பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவின் ஆணையோடு ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்து நாலைந்து மாதத்துக்குள் ஏதாவது ஒரு பண்டிகை வந்துவிடும். பல வீடுகளில் முதல் சறுக்கல் அங்கேதான். பாசம் குறைந்து யாரும் சறுக்குவதில்லை. வேலைகளை முன்பின்னாகச் செய்து சறுக்குகிறார்கள். முதலில் துணி எடுத்துவிடுகிறார்கள், அப்புறம் சொந்தக்காரர்களைக் கூப்பிடுகிறார்கள், பிள்ளையிடம் கேட்பது கடைசியில். சில வீட்டில் கேட்பதே இல்லை.

என் வீட்டில் மூன்று பிள்ளைகளோடு கழிந்த பண்டிகைகளிலும், புதிதாகப் பொறுப்பேற்ற குடும்பங்களுக்குக் கூடமாட இருந்து உதவியதிலும் கிடைத்த வரிசையைக் கீழே தருகிறேன். தீபாவளியையும் பொங்கலையும் வைத்துச் சொல்கிறேன். மற்றவற்றுக்கும் இதே வரிசை பொருந்தும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: வந்திருப்பது தத்துப் பிள்ளை அல்ல. பெற்றவர்கள் எங்கோ இருக்கலாம், நிலைமை சரியானால் அவர்களிடமே திரும்பிப் போகலாம்.

1. ஆறு வாரம் முன்னால்: தாளைப் படியுங்கள், போன் செய்யுங்கள்

கையில் இருக்க வேண்டியவை இரண்டு: நலக் குழுவின் ஆணை, பிள்ளைக்கான தனிநபர் பராமரிப்புத் திட்டம். பிள்ளையின் மதம், உணவு, ஒவ்வாமை, உடன்பிறந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள், பெற்றோர் சந்திப்புக்கு அனுமதி உண்டா என்பதெல்லாம் பெரும்பாலும் அதில் இருக்கும். வாங்கி பீரோவில் வைத்ததோடு சரி என்று இருப்பவர்களே அதிகம்.

படித்த பிறகு மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் உங்கள் பிள்ளையைக் கவனிக்கும் சமூகப் பணியாளருக்கு போன் செய்து நான்கு விஷயம் கேளுங்கள். பெற்றோரைப் பண்டிகையையொட்டிப் பார்க்க முடியுமா? அண்ணன் தம்பி, அக்கா தங்கை வேறு இடத்தில் இருந்தால் அவர்களை? நாங்கள் சொந்த ஊருக்குப் போவதானால் பிள்ளையைக் கூட்டிப்போக என்ன எழுதித் தர வேண்டும்? அங்கே யார் யார் இருப்பார்கள் என்று சொல்ல வேண்டுமா?

ஆறு வாரம் ஏன் என்றால், பதில் ஒரே நாளில் வராது. கடிதம் கொடுக்க வேண்டும், நலக் குழு அமர்வு நாளில் அது எடுக்கப்பட வேண்டும். பொங்கலுக்கு முந்தைய நாள் போன் செய்தால் அந்தப் பக்கம் இருப்பவரும் ஊருக்குக் கிளம்பிக்கொண்டுதான் இருப்பார். ரயில் டிக்கெட்டை மட்டும் இரண்டு மாதம் முன்பே எடுத்துவிட்டு அனுமதியை மறந்துபோன ஒரு குடும்பம், கடைசியில் அம்மாவும் பிள்ளையும் வீட்டிலேயே இருக்க, அப்பா மட்டும் ஊருக்குப் போய்வந்தது.

அனுமதி வந்தால் ஆணையின் நகல் ஒன்றைப் பயணப் பையில் வையுங்கள். வழியில் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் "நீங்க யாரு இந்தப் பிள்ளைக்கு?" என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

2. ஐந்து வாரம் முன்னால்: பிள்ளையிடம் கேளுங்கள்

எதிரில் உட்காரவைத்துக் கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும். இந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே போதுமான விசாரணைகளைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். பூண்டு உரிக்கும்போது, வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, துணி மடிக்கும்போது கேளுங்கள். முகம் பார்க்காமல் பேசுகிற நேரத்தில் வாய் தானாகத் திறக்கும்.

"தீபாவளி பிடிக்குமா?" என்று கேட்டால் "ம்" என்று வரும், அவ்வளவுதான். "உங்க வீட்ல தீபாவளி அன்னிக்குக் காலைல என்ன சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். சாப்பாட்டுக் கேள்விக்குப் பதில் எளிது, அதன் பின்னாலேயே மற்றதெல்லாம் வரும்.

எங்களிடம் இருந்த பெண்பிள்ளை "இட்லியும் கறிக்குழம்பும்" என்றாள். எங்கள் வீட்டில் அன்று கேதார கௌரி நோன்பு, அசைவம் அடுப்பேறாது. முதல் வருஷம் நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டேன். அன்று காலை அதிரசத் தட்டின் முன் உட்கார்ந்து ஒரு வாய்கூட அவள் எடுக்கவில்லை. அடுத்த வருஷம் முந்தின நாளே அவளோடு கடைக்குப் போய் அரைக் கிலோ வாங்கி, அன்று காலையிலேயே இட்லியும் கறிக்குழம்பும் வைத்துவிட்டேன். "ஒருநாள் முன்னாடியே எனக்குத் தீபாவளி வந்துருச்சு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். நோன்பும் கெடவில்லை.

பதிலே வராமலும் போகலாம். சில வீடுகளில் பண்டிகை என்றாலே அப்பா குடித்துவிட்டு வரும் நாள், அம்மா அடி வாங்கும் நாள். பிள்ளைக்கு நினைவிருப்பது அதுதான். அங்கே தோண்டாதீர்கள். "இங்க அன்னிக்கு யாரும் குடிக்க மாட்டாங்க, சண்டை நடக்காது" என்று ஒருமுறை சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். சொன்னபடி நடக்கவும் வேண்டும்: வழக்கமாக 'கொஞ்சமாக' எடுத்துக்கொள்ளும் மாமாவிடம் இந்த வருஷம் வேண்டாம் என்று இப்போதே பேசிவிடுங்கள்.

3. பிள்ளையின் மதம் வேறாக இருந்தால்

உங்கள் பண்டிகையில் பிள்ளை கலந்துகொள்ளலாம். அதற்காக அதன் பண்டிகை காணாமல் போகக் கூடாது. கேட்காமல் நெற்றியில் திருநீறு வைப்பது, "இங்க வந்துட்ட, இனி நம்ம சாமிதான்" என்பது, இரண்டும் கூடாது. பெற்றோரிடம் திரும்பும்போது பிள்ளை அவர்கள் வழக்கத்துக்கு அந்நியமாகிப் போயிருக்கக் கூடாது.

கிறிஸ்தவப் பிள்ளை என்றால் டிசம்பர் பிறந்ததும் வாசலில் ஒரு நட்சத்திரம், முடிந்தால் சின்னக் குடில், நள்ளிரவு ஆராதனைக்குக் கூட்டிப்போக ஒரு ஆள். முஸ்லிம் பிள்ளை என்றால் நோன்பு நாட்களில் மாலையில் கஞ்சி, பெருநாள் தொழுகைக்கு அழைத்துச் செல்ல அக்கம்பக்கத்தில் ஒரு குடும்பம். அந்தக் குடும்பம் யார் என்பதை அலகுக்கும் சொல்லி வையுங்கள். உங்களுக்குத் தெரியாததைப் பிள்ளையிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். வீட்டில் ஒரு விஷயத்திலாவது தான் வாத்தியார் என்பது அதற்கு நல்லது.

4. மூன்று வாரம் முன்னால்: சொந்தக்காரர்களிடம் பேசுங்கள்

இந்தப் படியைத் தவிர்த்தவர்கள்தான் பண்டிகையன்று அடுப்படியில் நின்று அழுதவர்கள். வீட்டுக்கு வரும் பெரியம்மா கேட்பது மூன்று கேள்வி: "யாரு இந்தப் பிள்ளை? அப்பா அம்மா என்ன ஆனாங்க? எவ்வளவு நாளைக்கு வச்சிருப்பீங்க?" மூன்றும் பிள்ளையின் காதுபடத்தான் வரும்.

அதனால் முன்கூட்டியே ஒவ்வொருவருக்கும் போன். வாட்ஸ்அப் குழுவில் செய்தி போடாதீர்கள், போட்டது எங்கெங்கோ போகும். நான் சொல்வது இவ்வளவே: "சித்தி, எங்க வீட்ல ஒரு பிள்ளை இருக்கு. பேரு கேளுங்க, என்ன படிக்கிறன்னு கேளுங்க. வேற எதுவும் அதுகிட்டயும் கேட்க வேணாம், எங்ககிட்டயும் கேட்க வேணாம். முக்கியமா 'பாவம்'னு சொல்லிடாதீங்க." சிலர் முறுக்கிக்கொள்வார்கள். பண்டிகைக்குள் சரியாகிவிடும்.

அடுத்தது காசு. பெரியவர்கள் பிள்ளைகளுக்குத் தீபாவளிக் காசு, பொங்கல் காசு கொடுப்பார்கள். பேரனுக்கு ஐந்நூறு, இந்தப் பிள்ளைக்கு ஐம்பது என்று ஒரே கூடத்தில் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஐம்பது வாங்கிய பிள்ளை சிரித்துக்கொண்டேதான் வாங்கியது, அதைத்தான் பார்க்க முடியவில்லை. இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தொகையைக் கவரில் போட்டுத் தாத்தா பாட்டி கையில் நானே முன்கூட்டிக் கொடுத்துவிடுகிறேன். அவர்கள் எடுத்து நீட்டினால் போதும்.

பிள்ளைக்கும் ஒரு பதிலைத் தயார் செய்து கொடுங்கள். "நான் இங்க தங்கிப் படிக்கிறேன்" என்பது பொய்யில்லை, அதற்கு மேல் எதையும் திறந்து காட்டவும் இல்லை. இரண்டு மூன்று தடவை விளையாட்டாகச் சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள். உங்களை அத்தை என்று கூப்பிடுவதா, அக்கா என்றா, அம்மா என்றா என்பதும் பிள்ளையின் முடிவு. "அம்மான்னு சொல்லு கண்ணு" என்று விருந்தினர் முன் கேட்பது, அதற்கு ஒரு அம்மா ஏற்கெனவே இருக்கிறாள் என்பதை மறந்துவிட்டுக் கேட்பது.

காலில் விழுவது, கன்னத்தைக் கிள்ளுவது, மடியில் இழுத்து உட்காரவைப்பது இதெல்லாம் வேண்டாம் என்று பெரியவர்களிடம் இப்போதே சொல்லுங்கள். கும்பிட்டால் போதும்.

5. இரண்டு வாரம் முன்னால்: துணி

வார நாளில், காலைக் கடை திறந்த நேரத்தில் போங்கள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை ஜவுளிக்கடை நெரிசல், புது இடத்தில் இன்னும் வேர் பிடிக்காத பிள்ளைக்குத் தாங்காது.

உங்கள் பிள்ளைக்கு எவ்வளவோ அவ்வளவே இதற்கும். கடைக்குப் போகும் வழியில் தொகையைச் சொல்லிவிட்டு, அதற்குள் நீயே எடு என்று விடுங்கள். பிள்ளையின் பராமரிப்புக்கென்று அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் வரும் மாதம் 4,000 ரூபாயைப் பற்றி அந்தக் கடையிலோ வேறெங்குமோ பிள்ளை முன் பேசக் கூடாது. 'என்னை வைத்துக் காசு வருகிறது' என்று ஒருமுறை மனதில் விழுந்தால் எடுப்பது கஷ்டம். உள்ளாடை, செருப்பு, ரிப்பன் எல்லாம் சேர்த்தே வாங்குங்கள். மேலே புதுசும் உள்ளே கிழிசலுமாக நின்ற பிள்ளை அதை யாரிடமும் சொல்லாது.

குடும்பம் முழுக்க ஒரே நிறத்தில் துணி எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. முதல் வருஷம் அதைத் தவிருங்கள் என்பேன். உங்களுக்கு அது 'நீயும் எங்களில் ஒருத்தி' என்று சொல்வது. பிள்ளைக்கோ அது தன் வீட்டை விட்டுக்கொடுப்பதாகத் தோன்றலாம். நான் மாம்பழ நிறத்தில் ஐந்து பேருக்கும் எடுத்தேன். ஐந்தாவது கவர் பிரிக்கப்படாமலே கிடந்தது.

6. நான்கைந்து நாள் முன்னால்: பெற்றோர், உடன்பிறந்தவர் சந்திப்பு

இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 44ஆம் பிரிவு, முடிந்தவரை உடன்பிறந்தவர்களை ஒரே வளர்ப்புக் குடும்பத்தில் வைக்கச் சொல்கிறது. பிள்ளையின் நலனுக்கு எதிரானது என்று குழு கருதினால் தவிர, பெற்றோர் பார்ப்பதற்கும் இடம் தருகிறது. ஆகவே அனுமதி இருக்கும் இடத்தில் சந்திப்பை நீங்கள் விலக்கக் கூடாது. எந்த நாளில் என்பதுதான் கேள்வி.

பண்டிகையன்று வேண்டாம். வருகிறேன் என்ற அம்மாவுக்கு பஸ் கிடைக்காமல் போகலாம், கையில் காசில்லாமல் போகலாம். அன்று முழுக்கப் பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். வந்து போனாலும் பிரிந்த துக்கத்தில் அந்த நாள் போய்விடும். நான்கைந்து நாள் முன்னால் என்றால் அழுது தீர்க்கவும் இடம் இருக்கும், வராமல் போனால் இன்னொரு முறை ஏற்பாடு செய்யவும் நேரம் இருக்கும். சமூகப் பணியாளர் உறுதி செய்யும்வரை "அம்மா வர்றாங்க" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள்.

வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். பிள்ளையும் சேர்ந்து சுற்றிய முறுக்கு ஒரு டப்பா கொடுத்தனுப்புங்கள். கோணல்மாணலாக இருப்பவற்றை மேலே வையுங்கள். அம்மா துணி கொண்டுவந்தால், அது இருநூறு ரூபாய் பாவாடையாக இருந்தாலும், தீபாவளி காலையில் முதலில் கட்டுவது அதைத்தான். நீங்கள் எடுத்தது சாயங்காலத்துக்கு.

7. முந்தின நாள்: வரிசையை எழுதி ஒட்டுங்கள்

நாளை எத்தனை மணிக்கு யார் எழுப்புவார்கள், குளியல் எப்போது, யார் வருவார்கள், எப்போது போவார்கள், ராத்திரி எத்தனை மணிக்குத் தூக்கம். அரைத் தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமலே இடம் மாற்றப்பட்ட பிள்ளைக்கு, அடுத்தது என்னவென்று தெரிவதே பாதி நிம்மதி.

கூட்டம் பிடிக்காமல் போனால் ஒதுங்க ஓர் அறையோ மொட்டை மாடி மூலையோ காட்டி, "இங்க வந்து உட்கார்ந்துக்கோ, யாரும் கூப்பிட மாட்டாங்க" என்று சொல்லி வையுங்கள்.

8. தீபாவளியன்று

விடிகாலை நாலு மணிக்கு உலுக்கி எழுப்பாதீர்கள். நள்ளிரவில் எழுப்பி எங்கோ அழைத்துப் போகப்பட்ட அனுபவம் இருந்தால், பிள்ளை அலறிக்கொண்டு எழும். விளக்கைப் போட்டு, வாசற்படியில் நின்றே பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். வரவில்லை என்றால் ஆறு மணிக்குக் குளிக்கட்டும்.

எண்ணெய்க் குளியலில்தான் எச்சரிக்கை அதிகம் வேண்டும். மணையில் உட்காரவைத்துத் தலையிலும் உடம்பிலும் நல்லெண்ணெய் தேய்ப்பது நமக்குப் பாட்டி கை. தவறான கைகள் பட்ட பிள்ளைக்கு அது வேறு. உங்களிடம் வந்த தாளில் அப்படி எதுவும் எழுதியில்லாமலே அது நடந்திருக்கலாம். "உச்சந்தலையில மூணு சொட்டு வைக்கட்டுமா?" என்று கேளுங்கள். சரி என்றால் மூன்று சொட்டு. வேண்டாம் என்றால் கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள், தானே தேய்த்துக்கொள்ளட்டும். குளியலறைக்குத் தாழ்ப்பாள் இருக்க வேண்டும்.

வெடி தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு நேரம் வைத்திருக்கிறது. தெருவில் யாரும் பார்த்து நடப்பதில்லை என்பது வேறு விஷயம். உங்கள் வாசலில் அந்த நேரத்தையே பிடியுங்கள், தாளிலும் எழுதுங்கள். எதிர்பாராத சத்தத்துக்குச் சுருண்டுபோகும் பிள்ளைகள் உண்டு. கம்பி மத்தாப்பு, சங்குச்சக்கரம், புஸ்வாணத்தில் தொடங்குங்கள். "ஆம்பளைப் பையன், வெடிக்குப் பயப்படுறான் பாரு" என்று சொல்பவரை உள்ளே அனுப்பிவிடுங்கள். பருத்தி உடை, காலில் செருப்பு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள், பேஸ்ட்டோ பேனா மையோ தடவாதீர்கள். பெரிய காயம் என்றால் 108.

பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள். பலகாரத் தட்டு அண்டை வீட்டுக்குக் கொண்டுபோவது, விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது, எதுவானாலும். வேலை இருக்கிற கைக்கு விருந்தாளி என்ற எண்ணம் வராது. ஆனால் மற்றப் பிள்ளைகள் விளையாடும்போது இது மட்டும் பாத்திரம் தேய்த்தால் அதன் பேர் வேறு.

9. பொங்கல் நாட்களில்

போகியன்று பழசைக் கழிக்கிறோம் என்று பிள்ளை கொண்டுவந்த பையைத் தொடாதீர்கள். ஜிப் போன பை, கையில்லாத பொம்மை, சின்னதாகிப்போன சட்டை, எல்லாம் அதன் வீட்டிலிருந்து வந்தவை. ஒரு வீட்டில் நல்லெண்ணத்தோடு அந்தப் பழைய சட்டையை நெருப்பில் போட்டுவிட்டார்கள். அதில் அம்மா வாசனை இருந்தது என்று பிள்ளை சொன்னபோது சாம்பல்தான் மிச்சம்.

பானை பொங்குவது எளிதான இடம். எல்லோரும் கத்துவதால் கூச்சமுள்ள பிள்ளைக்கும் கத்த வந்துவிடும். அரிசி போட ஒரு பிடி அதன் கையில் கொடுங்கள்.

கனுப்பிடி வைக்கும் வழக்கமுள்ள வீட்டில் கவனம் வேண்டும். உடன்பிறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் நாள் அது. தம்பி வேறு இல்லத்தில் இருக்கும் ஒரு அக்காவுக்கு அன்று தொண்டை அடைக்கும். முந்தைய நாள் சொல்லி, விருப்பமிருந்தால் தம்பிக்கும் ஒரு பிடி வைக்கட்டும். அன்று போனில் பேச அனுமதி வாங்கி வைத்திருந்தால் இன்னும் நல்லது. காணும் பொங்கலுக்குக் கடற்கரை, பொருட்காட்சி என்று பெருங்கூட்டத்துக்குள் முதல் வருஷம் போக வேண்டாம்.

10. படம்

இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், படம், பள்ளி போன்ற அடையாளம் காட்டும் எதையும் வெளியிடத் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம்வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் வெளியீடுதான் என்று வைத்துக்கொண்டு நடந்தால் தொல்லை இல்லை. விலகி வந்த ஊருக்கு அந்தப் படம் போய்ச் சேர்ந்தால் பிள்ளையின் பாதுகாப்பே கெடலாம்.

ஆனால் குடும்பப் படம் எடுக்கும்போது "நீ கொஞ்சம் தள்ளி நில்லு" என்று சொல்வதைவிடக் கொடுமை இல்லை. பிள்ளையும் நிற்கும் படம் உங்கள் போனில் மட்டும் எடுங்கள். மற்றவர்கள் போன் எல்லாம் பையில். அப்புறம் ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டுப் பிள்ளை கையில் ஒன்று கொடுங்கள்.

11. மறுநாளும் அடுத்த வாரமும்

பண்டிகை நல்லபடியாகப் போன வீட்டில்தான் மறுநாள் புயல் அடிக்கும். அடம், அடி, படுக்கையில் சிறுநீர், பேசாமல் இருப்பது. இங்கே சந்தோஷமாக இருந்தேனே, அம்மா அங்கே தனியாக இருந்தாளே என்ற குற்ற உணர்வு பிள்ளைக்கு வார்த்தையாக வராது, இப்படித்தான் வரும். "இவ்வளவு செஞ்சும் இப்படிப் பண்றியே" என்று வாயில் வந்தால் விழுங்கிவிடுங்கள். சாப்பாடு, தூக்கம், வீட்டுப்பாடம் எல்லாம் பழைய நேரத்துக்கு அன்றே திரும்பட்டும்.

தலையணைக்கு அடியில் லட்டும் முறுக்கும் இருந்தால் திருட்டு என்று நினைக்காதீர்கள். பசி தெரிந்த பிள்ளை சேர்த்துவைக்கும். மூடியுள்ள ஒரு டப்பாவில் பேர் எழுதி, பலகாரம் நிரப்பி, அதன் அலமாரியில் வைத்துவிடுங்கள். எறும்பு வராது, ஒளிக்கும் தேவையும் மெல்லக் குறையும்.

நடந்ததை ஒரு நோட்டில் இரண்டு பக்கம் எழுதுங்கள்: எதற்குச் சிரித்தது, எதற்கு ஒதுங்கியது, யார் வந்தபோது முகம் மாறியது. வீட்டுக்கு ஆய்வுக்கு வருபவரிடம் காட்ட உதவும். குறிப்பிட்ட ஓர் ஆளைக் கண்டு பயந்தது என்றால் ஆய்வுவரை காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள். அலுவலகம் மூடியிருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098 எந்நேரமும் எடுக்கும்.

12. பண்டிகைக்கு முன்பே பிள்ளை திரும்பிப் போனால்

இதுவும் நடக்கும். துணி எடுத்தாயிற்று, பேர் எழுதிய கவரில் காசும் போட்டாயிற்று, பத்து நாள் முன்னால் பெற்றோரிடம் அனுப்பும் ஆணை வருகிறது. எடுத்ததை அடுத்த பிள்ளைக்கு என்று எடுத்துவைக்காதீர்கள், அது அந்தப் பிள்ளையுடையது. விலைச் சீட்டைக் கிழித்துவிட்டுப் பையில் வையுங்கள். விலை தெரிந்தால் பெற்றவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். பிரிண்ட் போட்ட படங்கள், காசுக் கவர், பலகார டப்பா, வந்த அன்று கொண்டுவந்த ஜிப் போன பழைய பை எல்லாம் கூடவே போகட்டும். சுவரில் ஒட்டிய தாளை மட்டும் நான் கிழிப்பதில்லை. என் அடுப்படியில் இப்போது மூன்று தாள் இருக்கிறது.